ஒரே மினிடிஸ்கில் இரண்டு பேர் எழுதலாமா?

கெஸ்ட்191:
இசட்/விஎம்மில் (ஒரு மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் ஐபிஎம் சிஸ்டம்) எங்கள் குழுவுக்கு ஒரு பொது மினிடிஸ்க் (டிஸ்கில் பிரித்துக் கொடுத்த ஒரு பகுதி) இருக்கிறது. ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் ஆர்ஆர் லிங்கில், அதாவது படிக்க மட்டுமான இணைப்பில், படிப்பார்கள். இப்போது இரவு வேலை ஓட்டும் சிஎம்எஸ் (இசட்/விஎம்மில் யூசர்கள் வேலை செய்யும் சிஸ்டம்) யூசரும் அதில் எழுத வேண்டும். இருவருக்கும் எம்டபிள்யூ, அதாவது பலர் எழுத விடும் லிங்க், கொடுத்துவிடலாமா?

பழைய_ஆபரேட்டர்:
கொடுக்கலாம். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் போதும். நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம். இந்தச் சின்ன வேலைக்கு, பலர் ஃபைல்களைப் பகிர உதவும் எஸ்எஃப்எஸ் சர்வர், அது ஃபைல்களை வைக்கும் ஃபைல் பூல், தனி பேக்கப் எல்லாம் வீண் சுமை.

வட்டுக்காவல்:
சார், தயவுசெய்து வேண்டாம். எம்டபிள்யூ கேட்டால் சிபி (இசட்/விஎம்மின் மையப் பகுதி) லிங்கைக் கொடுத்துவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு பேர் எழுதுவதைச் சிஎம்எஸ் கவனிப்பதே இல்லை.

நடப்பதைப் பாருங்கள். லிங்க் செய்த டிஸ்கைச் சிஎம்எஸ்ஸில் திறக்க ஆக்சஸ் கட்டளை போட்டதும், டிஸ்கின் டைரக்டரி (ஃபைல் பட்டியல்) அந்த யூசரின் நினைவகத்துக்கு வந்துவிடுகிறது. எந்த பிளாக் (டிஸ்கின் சிறு துண்டு) காலி என்ற கணக்கும் அதோடு வருகிறது. 'அ' ஒரு ஃபைலை எழுதுகிறார். 'ஆ'வின் கையில் இருப்பது பழைய கணக்கு. அ எழுதிய பிளாக்குகள் அவருக்கு இன்னும் காலிதான். அவற்றின் மேலேயே எழுதி, தன் டைரக்டரியையும் டிஸ்கில் பதிக்கிறார். அ-வின் ஃபைல் போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பழைய_ஆபரேட்டர்:
அதற்குத்தான் எழுதும் முன் திரும்ப ஆக்சஸ் போட வேண்டும் என்று வைத்திருந்தோம்.

வட்டுக்காவல்:
மனிதர்கள் மறக்காமல் செய்வார்கள். திரை முன் யாரும் இல்லாமல் டிஸ்கனெக்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் செய்யுமா? எங்கள் இடத்தில் அப்படி ஒன்று முந்தின நாள் போட்ட ஆக்சஸோடு காலையில் எழுதியது. அந்த டிஸ்கை பேக்கப்பிலிருந்து மீட்க ஒரு நாள் முழுக்கப் போனது. அன்றிலிருந்து பொது டிஸ்க்குகளுக்கு மல்டி பாஸ்வேர்ட் வைப்பதையே விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் பாஸ்வேர்டைக் கொடுத்து யாரும் எம்டபிள்யூ லிங்க் வாங்க முடியாது.

இசட்_கெஸ்ட்:
ஒரு திருத்தம். எம்டபிள்யூ எல்லா இடத்திலும் தப்பு இல்லை. இசட்/விஎம்முக்குள் ஓடும் இசட்/ஓஎஸ் சிஸ்டங்கள் (கெஸ்ட்கள்) ஒரே டிஸ்கைப் பகிரும்போது எம்டபிள்யூவி என்று போடுகிறோம். அந்த 'வி' இருந்தால் டிஸ்கைப் பூட்டித் திறக்கும் கெஸ்ட்களின் ரிசர்வ், ரிலீஸ் கட்டளைகளை சிபி மதிக்கும். பூட்டுவது கெஸ்டின் பொறுப்பு. சிஎம்எஸ் மினிடிஸ்கில் அப்படிப் பூட்ட யாரும் இல்லை. லினக்ஸிலும் ஈஎக்ஸ்டி4 போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டம் இதைத் தாங்காது, பல மெஷின்கள் சேர்ந்து எழுதுவதற்கென்றே செய்த கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும்.

பழைய_ஆபரேட்டர்:
சரி, டிஸ்கனெக்ட் மெஷின் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எஸ்எஃப்எஸ்தான் ஒரே வழி என்று சொல்லாதீர்கள். இரவு வேலைக்குத் தனி மினிடிஸ்க் கொடுங்கள், எழுத்து அங்கேயே நடக்கட்டும். பகல் யூசர் அதை ஆர்ஆரில் லிங்க் செய்து, பொது டிஸ்குக்குக் காப்பி எடுத்துக்கொள்ளட்டும்.

வட்டுக்காவல்:
இது நல்ல வழி, நானும் இதையே சொல்வேன். இருவரும் ஒரே ஃபைலைத் திருத்தியாக வேண்டும் என்றால் மட்டும் எஸ்எஃப்எஸ்ஸுக்குப் போகலாம். அங்கே ஃபைல் அளவிலேயே பூட்டு உண்டு.

ஆர்ஆரில் படிப்பவர்களையும் மறக்க வேண்டாம். புது ஃபைல் சேர்த்தால் அவர்களுக்குப் பாதிப்பில்லை, திரும்ப ஆக்சஸ் போடும்வரை அது தெரியாது, அவ்வளவுதான். பழையதை அழித்தால் அந்த பிளாக்கில் வேறு ஏதாவது வந்து உட்காரும். அவர்கள் குப்பையைப் படிப்பார்கள்.

கெஸ்ட்191:
தனி மினிடிஸ்க்கே கேட்டுவிட்டேன். பொது டிஸ்கில் பழைய ஃபைல்களை, படிப்பவர்கள் எல்லோரும் டிஸ்கை விட்ட பிறகுதான் அழிப்போம், அழித்ததும் திரும்ப ஆக்சஸ் போடச் சொல்வோம்.