.45-70 தோட்டாவில் 70 கிரெயின் கருமருந்து அடங்கவில்லை, எங்கே தவறு?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கும் மாமா இத்தாலியில் செய்த பெடர்சோலி ஷார்ப்ஸ் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். பழைய மாதிரி, ஒற்றைத் தோட்டா, .45-70. லைசென்ஸ், கிளப் எல்லாம் சரியாக இருக்கிறது. சுட்ட பித்தளைக் கூட்டைத் திரும்ப நிரப்பப் பழகுகிறார். கூட இருந்து உதவ அடுத்த மாதம் போகிறேன்.

பெயரிலேயே 70 இருக்கிறதே என்று 70 கிரெயின் (எடை அளவு) கோயெக்ஸ் எப்எப்ஜி கருமருந்தைக் கொட்டினால் கூடு வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. மேலே 500 கிரெயின் குண்டை எங்கே வைப்பது? அழுத்தினால் குண்டின் மூக்கு நசுங்குகிறது. மருந்தைக் குறைத்தால் ஆபத்து என்று ஒருவர், குறைக்காவிட்டால் ஆபத்து என்று இன்னொருவர். எதை நம்புவது?

பழையகுழல்:
இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது தம்பி.

70 என்பது 1873-இல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு எடுத்த தோட்டாவின் கணக்கு. அந்தக் காலத்துக் கூட்டுக்கு அடிப்பாகம் மெல்லிசு, உள்ளே இடம் அதிகம். இப்போது வரும் கூட்டுக்கு அடி கெட்டி, அதனால் கொள்ளளவு குறைவு. ராணுவமே குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு 55 கிரெயின்தான் போட்டது. அதனால் 70-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

குறைக்கலாம், ஆனால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விடக்கூடாது. விட்டால் குழலில் வளையம் மாதிரி வீங்கும், சேம்பரும் (குழலில் தோட்டா உட்காரும் அறை) கெடும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் உயரத்தைப் பார்க்க வேண்டும். மாமாவிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்:

பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மருந்தும் இல்லாத வெறும் கூட்டில் குண்டை வைத்து, சேம்பரில் எவ்வளவு நீளம் வரை இடிக்காமல் போகிறது என்று முதலில் பார்க்கணும். அந்த நிலையில் குண்டின் அடி கூட்டு வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது? 12 என்று வையுங்கள். அதற்குக் கீழே 1.5 மி.மீ. அட்டை வில்லை வரும். ஆக, அழுத்திய பிறகு மருந்தின் மேல்மட்டம் வாயிலிருந்து 13.5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். கோயெக்ஸ் கொஞ்சம் அழுத்தம் கேட்கும் மருந்து, 4 மி.மீ. அழுத்துவதாக வைத்தால், ஊற்றும்போது 9.5 மி.மீ. ஆழத்தில் நிற்கும்படி நிரப்பினால் போதும். அந்த அளவை எடை போட்டால் பெரும்பாலும் 60-க்கும் 65-க்கும் நடுவில் வரும். ஸ்விஸ் 1½ எப்ஜி மருந்து என்றால் இவ்வளவு அழுத்த வேண்டாம், 1.5 முதல் 2.5 மி.மீ. போதும்.

ஊற்றும் விதம் முக்கியம். 60 செ.மீ. நீளப் பித்தளைக் குழாயைக் கூட்டின் மேல் நிறுத்தி, மருந்தை மெதுவாக விடணும். மணிகள் ஒன்றன் இடுக்கில் ஒன்று உட்கார்ந்து மட்டம் தானாக இறங்கும். கொடகொடவென்று கொட்டினால் அதே எடை பல மி.மீ. உயர்ந்து நிற்கும். அப்புறம் அட்டை வில்லை. அப்புறம் டை என்கிற அழுத்தும் கருவி. குண்டை வைத்து அழுத்தக்கூடாது. மூக்கு நசுங்கியது அதனால்தான். குண்டு இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த மிருதுவான உலோகம். அது அழுத்தத்துக்கு வளைந்து அடி பருத்துவிடும், சேம்பரில் நுழையாது.

முக்கியமான ஒன்று: தராசு கிராமில் இருக்கிறதா கிரெயினிலா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 70 கிரெயின் 4.54 கிராம்தான். 'கிரெயின்' என்று பொறித்த கொள்ளளவுக் கிண்ணத்தையும் நம்ப வேண்டாம். மருந்துக்கு மருந்து அடர்த்தி வேறு.

ஈயக்குண்டு:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. நவீனப் புகையில்லா மருந்தை இதே அளவில் கூட்டில் போட்டால் துப்பாக்கி பிளக்கும். டப்பாவில் 'கருமருந்து' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் திறக்கணும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. இரண்டு மருந்தையும் கலந்து போடுவதைப் பற்றி யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம்.

குண்டு ஊற்றுவதைப் பற்றி: காரீயம் மூன்று கிலோவுக்கு வெள்ளீயம் 150 கிராம் போட்டால் அந்த இருபதுக்கு ஒன்று வரும், 100 கிராம் போட்டால் முப்பதுக்கு ஒன்று. இரண்டுமே சரி. 'ஈயம்' என்று கடையில் கேட்டால் எதைத் தருவான் என்று சொல்ல முடியாது, அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள். கார் பேட்டரியை உடைத்து எடுத்த தகடு வேண்டவே வேண்டாம், உருக்கும்போது விஷவாயு கிளம்பலாம். டயர் சமன் செய்யும் எடைக்கட்டி கடினம், குழலின் வரிப்பள்ளத்தில் (குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய பள்ளம்) நன்றாக விரிந்து அடைக்காது. உருகிய ஈயத்தில் ஒரு வியர்வைத் துளி விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும், ஆகவே முகக்கண்ணாடி, நீளக்கை சட்டை, தோல் கையுறை. சுருக்கம் விழுந்த குண்டு என்றால் அச்சு குளிர்ந்திருக்கிறது. பனி படிந்த மாதிரி மங்கலாக வந்தால் சூடு அதிகம்.

குண்டின் விட்டம் குழலின் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் கூட இருக்கணும். பள்ளம் .458 என்றால் குண்டு .459. குழலை அளக்க ஒரு மிருதுவான ஈய உருண்டையை மரக்குச்சியால் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் பார்க்கலாம்.

குண்டின் மேல் தடவும் பூச்சு: தேன்மெழுகு பாதி, ஆட்டுக் கொழுப்பு பாதி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். வெயில் காலத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள். பட்டறையில் இருக்கும் கிரீஸ் வேண்டாம். பெட்ரோலியப் பொருள் கருமருந்துப் புகைக்கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பழையகுழல்:
ஆமாம். பூச்சு போதுமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஐந்து முறை சுட்ட பிறகு குழலின் வாயைப் பாருங்கள். வரிப்பள்ளங்களுக்கு நேராக, நட்சத்திரம் வரைந்த மாதிரி ஈரமான பிசுக்கு நின்றால் சரி. வாய் ஓரத்தில் கடைசி பத்து செ.மீ. உலர்ந்து சொரசொரவென்று இருந்தால் பூச்சு நடுவழியில் தீர்ந்துவிட்டது. அடுத்த குண்டு இலக்கைத் தவறும், ஈயமும் ஒட்டும். அப்படியானால் பூச்சு அதிகம் தாங்கும் குண்டு வேண்டும், அல்லது சுடும் இடைவேளையில் குழலின் பின்பக்கம் ஊதுகுழல் வைத்து மூன்று நான்கு தடவை மெதுவாக மூச்சை ஊதுங்கள். மூச்சின் ஈரமே கரியை இளக்கிவிடும். ஊதுவதற்கு முன் சேம்பர் காலியா என்று பார்க்கணும், சொல்லவே வேண்டாம்.

கித்தாமரம்:
சுட்ட கூட்டை எப்படிக் கழுவுவது என்று யாரும் சொல்லவில்லையே. நம்ம ஊர்க்காரருக்கு ஒரு எச்சரிக்கை: ரப்பர் பால் கெடாமல் இருக்க அம்மோனியா ஊற்றுகிற பழக்கம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பித்தளைக்கு அது எமன். அந்தக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தருகே வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்தில் எழுந்த அம்மோனியாதான் காரணம். அம்மோனியா கலந்த பித்தளைப் பளபளப்பானும் அதே ரகம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் வேண்டாம்.

சுட்டு முடித்ததும், கூடு சூடு ஆறும் முன்பே, பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு விட்ட தண்ணீர் போத்தலில் போட்டுவிடுங்கள். வீட்டில் பிரைமரை எடுத்து, மறுபடி கழுவி, கறை இருந்தால் நீர்த்த வினிகரில் சில நிமிடம், பிறகு நல்ல தண்ணீர், வெயிலில் உலர்த்தல். முதல் நாள் விட்டுவிட்டால் மறுநாள் பச்சை பூக்கும். துப்பாக்கியும் அப்படித்தான்: கருமருந்துக் கரி உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். முதலில் தண்ணீரால் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகுதான் எண்ணெய். கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசினால் உள்ளே துரு ஓடும்.

இன்னொன்று. பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு இங்கே மலேசியாவில் முயன்று பார்க்க வேண்டாம். ஆயுதச் சட்டம் 1960, வெடிபொருள் சட்டம் 1957, அதற்கு மேல் 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் இருக்கின்றன. தோட்டா நிரப்புவது ஒருபக்கம், திரும்பி வரும்போது ஞாபகத்துக்கென்று ஒரு காலிக் கூட்டைக்கூடப் பையில் போட்டு வராதீர்கள்.

செம்பனைக்காரன்:
நன்றி அண்ணே. மாமா அளந்து பார்த்தார். 63 கிரெயினில் மட்டம் சரியாக நிற்கிறது, அழுத்திய பிறகு 13.5. ஆனால் மாதிரித் தோட்டா, பிரைமரும் மருந்தும் இல்லாமல் குண்டு மட்டும் வைத்தது, முதல் தடவை மூடியபோது இறுக்கமாக இருந்ததாம். இரண்டாம் தடவை மூடவே முடியவில்லை.

பழையகுழல்:
இரண்டாம் தடவை என்பதுதான் துப்பு. முதல் தடவையிலேயே குண்டின் மேல் வரிப்பள்ளத்தின் தடம் விழுந்திருக்கும். குண்டை வெளியே எடுத்து விளக்கடியில் பாருங்கள். சின்னச் சின்ன நேர்க்கோடுகள் சுற்றிலும் இருந்தால் அரை மி.மீ. ஆழமாக உட்கார வையுங்கள். அதே அளவு மருந்து மட்டமும் இறங்கணும், ஒரு கிரெயின் போலக் குறையும். கோடுகள் இல்லாமல் கூட்டின் வாயோரம் மட்டும் பளபளவென்று உரசியிருந்தால், வாயை விரித்தது அதிகம். அந்த ஓரத்தை லேசாக உள்பக்கம் தள்ளிவிட்டால் போதும்.