பாப்பாவோட கோல்ஃப் டீமும் குயின் மேரி கப்பலும்

லாங் பீச் சித்தி: எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி, பாப்பா ஸ்கூல் கோல்ஃப் டீம்ல செலக்ட் ஆயிட்டா!! என்ன வேணும் கேளுன்னு சொன்னா எங்க ஊர் துறைமுகத்துல ஹோட்டலா நிக்கற குயின் மேரிங்கற பழைய கப்பல்ல ஒரு ராத்திரி தங்கணுமாம். சனிக்கிழமைக்கு ரூம் போட்டாச்சு

பெரியம்மா: வாழ்த்துக்கள்டா தங்கம். ஆனா அது பேய்க் கப்பல் இல்லையா, யூடியூப்ல பார்த்தேனே நீச்சல் குளத்துப் பக்கம் ஈரக் கால்தடம் தெரியுதாம். வயசுப் பொண்ண கூட்டிட்டு அங்கயா போய் தங்கணும்

பாப்பா: பெரியம்மா அந்தக் குளத்துல தண்ணியே கிடையாது. பி340ன்னு ஒரு ரூம் இருக்கு, பேய் ரூம்னு சொல்லியே வாடகைக்கு விடறாங்க, அதுக்கு அம்மா ஒத்துக்கல

சித்தி: நான் தூங்க வேண்டாமா

மாமா: பேய விடுங்க. அந்தக் கப்பல் ஸ்காட்லாந்து கிளைட்பேங்க்ல ஜான் பிரவுன்ங்கற கப்பல் கட்டற யார்டுல கட்டினது. 1931 கடைசில பணமில்லாம வேலைய நிறுத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல கூடு மட்டும் துருப்பிடிச்சு நின்னுச்சு, அந்த ஊரே வேலை இல்லாம கிடந்துச்சு, 1934ல திரும்ப ஆரம்பிச்சு 1936ல முதல் பயணம். ரெண்டாம் உலக யுத்தத்துல சாம்பல் பெயின்ட் அடிச்சு சிப்பாய்ங்கள ஏத்திட்டுப் போச்சு. 1943ல ஒரே பயணத்துல 16,683 பேர். நான் கப்பல்ல இருந்தவன், அத்தனை பேருக்கு சோறு போடறது தண்ணி குடுக்கறது எப்படின்னு நினைச்சாலே மலைப்பா இருக்கு

அம்மா: அப்ப செத்தவங்க யாருண்ணா

மாமா: 1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கால, துணைக்கு வந்த குராசோவான்ற போர்க்கப்பல் மேலயே மோதி அத ரெண்டா வெட்டிடுச்சு. 300 பேருக்கு மேல போயிட்டாங்க. நீர்மூழ்கி பயத்துல நிக்கக்கூடாதுன்னு உத்தரவு, அதனால தண்ணில கிடந்தவங்கள தூக்காம போக வேண்டியதாச்சு, பின்னாடி வந்த கப்பல்ங்கதான் நூறு பேர் மாதிரி எடுத்துச்சு. யுத்தம் முடியற வரைக்கும் வெளிய சொல்லவே இல்ல. அப்புறம் 1966ல ஒரு 18 வயசுப் பையன் எஞ்சின் பக்கம் தண்ணி புகாம தடுக்கற வாட்டர்டைட் கதவுல நசுங்கி செத்தான். அந்தக் கதவு ஆள் இருக்கான்னு பார்க்காது, மூட ஆரம்பிச்சா மூடிட்டே இருக்கும். டூர்ல அத 13ஆம் நம்பர் கதவு பேய்னு காட்டறாங்க, எனக்கு அது மனசே ஒப்பல. அவன் வேலைக்கு வந்த பிள்ள

பெரியம்மா: ஐயோ பாவமே

அம்மா: மேரி ராணின்னா தலைய வெட்டினாங்களே அவங்களா? அவங்க பேருல வச்ச கப்பல்னா பேய் வராம என்ன பண்ணும்

நான்: இல்லம்மா அவங்க வேற. கப்பலுக்கு வச்சது ஐந்தாம் ஜார்ஜ் மனைவி பேரு, அவங்களே வந்துதான் 1934ல கப்பல தண்ணில விட்டாங்க. நீ சொல்றது ஸ்காட்லாந்து மேரி, 1587ல கொன்னுட்டாங்க. ஆனா பாப்பா உனக்கு அவங்க கதைதான் வேணும், அவங்க கோல்ஃப் ஆடினவங்க!! 1567ல புருஷன் கொலையாகி சில நாள்லயே சீட்டன்ங்கற இடத்துல கோல்ஃப் ஆடினாங்கன்னு எதிரிங்க குற்றமா எழுதி வச்சாங்க. கோல்ஃப் ஆடின பொண்ணுங்கள்ல ரொம்பப் பழைய பேரு அவங்களோடதுதான், அதுவும் பழியாத்தான் வருது பாரு

பாப்பா: அக்கா நிஜமாவா

நான்: ஆமா. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 1867ல பொண்ணுங்களுக்குன்னு கிளப் வந்துச்சு, ஆனா பந்த குழிக்குள்ள மெல்ல உருட்டற பட்டிங் மட்டும்தான். தோளுக்கு மேல கைய ஓங்கி அடிச்சா பொண்ணுக்கு அழகில்லன்னு ஒரு காலம். அதே ஊர்ல 1754ல ஆரம்பிச்ச பெரிய கிளப்ல பொண்ணுங்கள உறுப்பினரா சேர்க்கலாம்னு ஓட்டு போட்டது 2014ல. எனக்கு இத படிக்கும்போது அவ்ளோ கோவம் வந்துச்சு

நான்: இன்னொருத்தர் மார்கரெட் அபாட். நம்ம கல்கத்தால பொறந்தவங்க, அமெரிக்கக்காரங்க. 1900ல பாரிஸ்ல படிச்சிட்டு இருந்தப்ப ஒரு கோல்ஃப் போட்டின்னு பேர் குடுத்தாங்க, 9 ஹோல், அதாவது 9 குழிக்கும் சேர்த்து பந்த 47 தடவ அடிச்சு முடிச்சாங்க, கோல்ஃப்ல கம்மியா அடிச்சவங்கதான் ஜெயிப்பாங்க, அவங்க ஜெயிச்சாங்க, அவங்க அம்மாவும் அதே போட்டில ஆடினாங்க. பரிசு ஒரு பீங்கான் கிண்ணம். அது ஒலிம்பிக்ஸ்னு அவங்களுக்குத் தெரியாது, 1955ல சாகற வரைக்கும் தெரியாது. ஒலிம்பிக்ஸ்ல ஜெயிச்ச முதல் அமெரிக்கப் பொண்ணு!! ஒரு பேராசிரியை பத்து வருஷம் போல தேடி குடும்பத்தக் கண்டுபிடிச்சு சொன்ன பிறகுதான் பிள்ளைங்களுக்கே தெரிஞ்சது

சித்தி: படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்டி

பாப்பா: எங்க மேட்சும் 9 ஹோல்தான் அக்கா. ட்ரையவுட்ல நான் 52

நான்: செல்லமே இன்னும் அஞ்சு அடி குறைச்சா போதும். உங்க ஊர் பக்கத்துல வந்து ஜெயிச்ச இன்னொருத்தர், பேப் ஸஹாரியாஸ். 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸ்ல ஈட்டியும் தடை ஓட்டமும் ரெண்டு தங்கம், அப்புறம் கோல்ஃப். 1938ல ஆம்பளைங்க போட்டியான லாஸ் ஏஞ்சலீஸ் ஓபன்ல போய் ஆடினாங்க. 1950ல பொண்ணுங்களுக்குன்னு தனி சங்கம் தொடங்கின 13 பேர்ல ஒருத்தர். 1953ல குடல் புற்றுநோய் ஆபரேஷன். அடுத்த வருஷம் மலம் சேர்ற பைய இடுப்புல கட்டிட்டே பொண்ணுங்களோட யுஎஸ் ஓபன்ல இறங்கி மத்தவங்கள விட 12 அடி கம்மியா அடிச்சு ஜெயிச்சாங்க

பெரியம்மா: பையோடயா

நான்: ஆமா பெரியம்மா. போட்டி முழுக்க பையோடதான்

பெரியம்மா: எனக்கு போன வருஷம் ஆபரேஷன் ஆனதுல இருந்து நான் கல்யாணம் காட்சின்னு எங்கயும் போகல, எங்க கசிஞ்சிடுமோன்னு ஒரே பயம். யார்கிட்டயும் சொல்லல

அம்மா: அக்கா சொல்லியிருக்கலாம்ல. நாளைக்குக் காலைல வரேன், ரெண்டு பேரும் முதல்ல கோயிலுக்குப் போயிட்டு வருவோம்

பெரியம்மா: வா. பாப்பா அந்த அம்மா போட்டோ இருந்தா அனுப்புடா

பாப்பா: இதோ பெரியம்மா. குச்சிய எவ்ளோ மேல தூக்கியிருக்காங்க பாருங்க

பெரியம்மா: என்னா சிரிப்பு அந்த முகத்துல. சரி கப்பலுக்குப் போயிட்டு வாங்க, அந்தப் பையன் செத்த இடத்துல கூச்சல் போடாம நில்லுங்க

மாமா: பாய்லர் எல்லாம் கழட்டி எடுத்துட்டாங்க, பின்பக்க எஞ்சின் ரூம் மட்டும்தான் மிச்சம் இருக்கு. அங்க அழுத்தம் காட்டற கேஜ் மீட்டர் எல்லாம் கிட்ட வச்சு போட்டோ எடு பாப்பா, எனக்குத் தனியா அனுப்பு