ஜாங்கோ அட்மினே டிசி கணக்குக்குப் போதுமா?

திருப்பூர்க்காரன்:
வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றுக்கு, துணி சாயப்பட்டறைக்குப் போய் வருகிற கணக்கை ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவுகிற ஃபிரேம்வொர்க்) எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்ட்டி, டிசி (துணியோடு போகிற டெலிவரி சலான்), ஒவ்வொரு டிசிக்கும் ரோல், டயா (பின்னல் துணியின் விட்டம்), கலர், போன எடை, வந்த எடை என்று மாடல் போட்டு, டேட்டாபேஸில் டேபிள் உருவாக்குகிற மைக்ரேட்டும் ஆயிற்று. ஜாங்கோவோடு வருகிற அட்மின் பக்கத்தில் லாகின் ஆகிறது, ஆனால் யூசர்ஸ், குரூப்ஸ் இரண்டுதான் தெரிகிறது, என் டேபிள் ஒன்றையும் காணோம். அப்புறம், டிசி போடுகிற அக்கா எதையும் அழிக்கக் கூடாது என்கிறார் முதலாளி. அதற்குத் தனி ஸ்கிரீன் எழுதணுமா?

ஈரோடு மஞ்சள்:
மாடல் எழுதினால் மட்டும் அட்மினில் வந்துவிடாதுங்க. ஆப் ஃபோல்டரில் இருக்கிற அட்மின் ஃபைலில் ஒவ்வொன்றையும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டும். பண்ணியதும் லிஸ்டில் ‘ஆப்ஜெக்ட் (1)’, ‘ஆப்ஜெக்ட் (2)’ என்று மொட்டையாக வரும், மாடலில் ஸ்ட்ரிங் மெத்தட் (__str__) எழுதி டிசி நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். ரோலைத் தனியாக ரெஜிஸ்டர் பண்ணாமல் டிசிக்குள் டேபுலர் இன்லைனாக (டிசி பக்கத்திலேயே வரிவரியாக) போட்டால் சலான் புத்தகம் மாதிரியே வரும், கீழே 3 காலி வரி தானாகவே இருக்கும். லிஸ்ட் டிஸ்ப்ளேயில் (லிஸ்டில் எவையெல்லாம் தெரியணும் என்று சொல்கிற இடம்) ஃபீல்டு மட்டுமல்ல, மெத்தடும் கொடுக்கலாம், போன எடையில் வந்த எடையைக் கழித்து லாஸை ஒரு தனி நெடுவரிசையாகவே காட்டிவிடுங்கள், முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.

பொள்ளாச்சி சந்தை:
தனி ஸ்கிரீனெல்லாம் வேண்டாம். அக்காவுக்குச் சூப்பர்யூசர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு எந்தத் தடையும் கிடையாது. ஒரு குரூப் போட்டு டிசிக்கும் ரோலுக்கும் ஆட், சேஞ்ச், வியூ கொடுத்து டெலீட்டை விட்டுவிடுங்கள். யூசரில் ஸ்டாஃப் ஸ்டேட்டஸ் டிக் இல்லையென்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. ஆனால் ஒன்று, சேஞ்ச் இருக்கும்வரை எடையைத் திருத்தலாம். ஹிஸ்டரியில் யார், எப்போது, எந்த ஃபீல்டை மாற்றினார் என்று இருக்கும், பழைய எடை இருக்காது.

திருப்பூர்க்காரன்:
டேபிள் வந்துருச்சுங்க, நன்றி. ஏனுங்க, பட்டறைக்காரர்களுக்கும் இதே லாகினைக் கொடுத்து வந்த எடையை அவர்களையே போடச் சொன்னால்?

பொள்ளாச்சி சந்தை:
வேண்டவே வேண்டாம். பெர்மிஷன் டேபிளுக்குத்தான், வரிக்கு வரி இல்லை. ஒரு பட்டறைக்காரர் இன்னொருவருடைய டிசியையெல்லாம் பார்ப்பார். குவெரிசெட்டை (டேபிளிலிருந்து எந்த வரிகளை எடுப்பது என்பதை) மாற்றி மறைக்கலாம்தான், ஆனால் அட்மின் உள் ஆட்களுக்கென்று செய்தது, ஜாங்கோ டாக்குமெண்டேஷனே அப்படித்தான் சொல்கிறது. அவர்களுக்கு டிசி நம்பரும் எடையும் கேட்கிற சின்ன ஃபாரம் ஒன்று எழுதிக் கொடுங்கள். சர்வரில் ஏற்றும்போது கலெக்ட்ஸ்டாட்டிக் (சிஎஸ்எஸ் போன்ற ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் சேர்க்கிற கட்டளை) ஓட்டி, அந்த ஃபோல்டரை வெப் சர்வருக்கும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்மின் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும்.