பழைய காரின்ர ஈசியூ (எஞ்சின் கொம்பியூட்டர் பெட்டி): திருத்துறதா, பாவிச்ச பெட்டி வாங்கிப் போடுறதா?

சீகே2_லான்சர்
வாகனம் மிற்சுபிஷி லான்சர் சீகே2, 4ஜி15 எஞ்சின், மனுவல் கியர். காலமை ஒரே அடியில ஸ்ரார்ட் ஆகுது. சூடான பிறகு ஐட்லிங் (கால் எடுத்தால் எஞ்சின் சும்மா சுத்துற வேகம்) நிமிசத்துக்கு 600 சுத்துக்கும் 1500க்கும் இடையில ஏறி இறங்கி, சந்தியில நிப்பாட்டினால் எஞ்சின் நிண்டுபோகுது. செக் எஞ்சின் லைற் இடைக்கிடை மங்கலா எரியுது. ஒரு கராஜில கொம்பியூட்டர் பெட்டி பழுதாப்போச்சாம், கொழும்பில பாவிச்சது எடுப்பம் எண்டினம். இன்னொரு ஆள் பெட்டியைத் திறந்து கண்டென்சர் (மின்தேக்கி) மாத்தினால் சரியாம். எதைச் செய்யிறது?

மாத்து_மன்னன்
பாவிச்ச பெட்டியை எடுத்துப் போடுங்கோ. கொழும்பில பாவிச்ச கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில சீகே2 சாமான் எப்பவும் புழங்கிறது. ரெண்டு விசயம் மட்டும் பாருங்கோ. ஸ்ரிக்கரில இருக்கிற இலக்கம் கடைசி எழுத்து வரைக்கும் உங்கட பெட்டியோட ஒத்துவரவேணும். ஓட்டோ கியர் காரின்ர பெட்டியை மனுவலுக்குப் போடக்கூடாது, பிளக் பொருந்தினாலும். சீகே2வுக்கு இம்மொபிலைசர் (சாவிச் சிப்பை அறியாட்டில் எஞ்சினை ஓடவிடாத பூட்டு) தலையிடியும் இல்லை. கழட்டிப் பூட்ட அரை மணித்தியாலம். பெட்டிக்குள்ள இருக்கிற போர்டைக் கிண்டுறவையிட்டைக் குடுத்தால், நாலு கண்டென்சரோட பத்து கொப்பர் கோடும் கழண்டு வரும்.

சோல்டர்_கோல்
மன்னன் அண்ணை ஒண்டை விட்டிட்டார். சீகே2 எண்டாலே 90களின்ர கார். பஞ்சிகாவத்தையில இருந்து வாற பெட்டிக்கும் அதே வயசு, அதுக்குள்ள இருக்கிறதும் அதே கண்டென்சர். ஒழுகினதைக் கழட்டிப்போட்டு, ஒழுகப்போறதைக் காசு குடுத்து வாங்குறியள்.

90களின்ர மிற்சுபிஷி பெட்டியளுக்கு இது தெரிஞ்ச வியாதி. மூடியைத் திறந்து போர்டைச் சரிச்சு லைற்றுக்குப் பிடியுங்கோ. உருளைக் கண்டென்சரின்ர காலடியில பச்சையும் மண்ணிறமுமா ஒரு பசை இருக்கும். சுத்தி போர்டில பூசியிருக்கிற லாக்கர் (மினுக்குப் பூச்சு) மங்கி, கொப்பர் கோடு கறுத்திருக்கும். ஈயக்கோல் பட்டவுடன கருவாட்டுக்கடை வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் சந்தேகமே இல்லை.

மாத்துற முறை இது. பழைய கண்டென்சரின்ர மேலால எழுதியிருக்கிற மைக்ரோபரட்டும் வோல்ட்டும் பார்த்துக் குறிச்சுக்கொள்ளுங்கோ. மைக்ரோபரட் அதேதான், வோல்ட் அதே அல்லது அடுத்த படி. வெப்பம் 105 பாகை போட்டதாத்தான் இருக்கவேணும். 85 பாகை போட்டது கடையில மலிவு, எங்கட வெயிலில பூட்டி நிக்கிற காருக்குள்ள அது கனநாள் நிக்காது. கண்டென்சரில கழிவுப் (-) பக்கத்தைக் காட்டுற கோடு போர்டில எந்தப் பக்கம் எண்டதைக் கழட்ட முதல் படம் எடுங்கோ. பழைய ஈயத்தோட கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிக் கலந்திட்டு உறிஞ்சினால் கால் இலகுவா வரும். இழுக்கக்கூடாது. ஈயக்கோல் 330 - 350 பாகை, ஒரு காலுக்கு மூண்டு நாலு செக்கன். அசிட் பிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசுற அமிலப் பசை) கிட்டவும் வரக்கூடாது. பிறகு 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பல் தூரிகையும். கறுத்த கோடு ஒவ்வொண்டையும் மல்ரிமீற்றரில வைச்சுப் பீப் சத்தம் வருதோ எண்டு பாருங்கோ. அறுந்திருந்தால் மெல்லிய வயர் போட்டுப் பாலம் குடுக்கலாம்.

மல்ரிமீற்றர்
ரெண்டு பேரும் பெட்டியைப் பிரேத பரிசோதனை செய்யுறியள். கொலைகாரனை ஆரும் தேடேல்லை.

மிற்சுபிஷியில ஐட்லிங்கைப் பாக்கிறது எஞ்சினுக்குக் காத்து விடுற திரொட்டில் பொடியில இருக்கிற ஸ்ரெப்பர் மோட்டர். 6 பின் பிளக். அந்த மோட்டரின்ர கொயில் உள்ளுக்குச் சோர்ட் ஆனால், பெட்டிக்குள்ள அதை ஓட்டுற டிரைவர் சிப் எரியும். நீங்கள் கண்டென்சர் மாத்தினாலும் சரி, வேற பெட்டி போட்டாலும் சரி, சோர்ட் ஆன மோட்டர் புதுசையும் எரிக்கும். அதாலதான் கன பேருக்கு ‘பாவிச்ச பெட்டி ரெண்டு கிழமையில போட்டுது’ எண்ட கதை.

பிளக்கைக் கழட்டி மோட்டர் பக்கத்தில அளந்து பாருங்கோ. 2ஆம் பின்னில இருந்து 1க்கும் 3க்கும், 5ஆம் பின்னில இருந்து 4க்கும் 6க்கும். நாலு அளவும் சுமார் 30 ஓம் கிட்ட வரவேணும். ஒண்டு 5 ஓம், மற்றது 30 எண்டு வந்தால் மோட்டரை முதல் மாத்துங்கோ. பெட்டியைப் பிறகு பாக்கலாம்.

அதோட எஞ்சின் தண்ணிச் சூட்டை அளக்கிற கூலன்ற் சென்சர். 20 பாகையில சுமார் 2.4 கிலோஓம், எஞ்சின் 80 பாகைக்கு வந்தால் சுமார் 0.3. எங்கட காலமைச் சூட்டுக்கு 1.6 கிட்டக் காட்டும். சூடான பிறகும் இறங்காட்டில், பெட்டி எஞ்சின் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட்டி ஊத்தும். அதுக்கும் ஐட்லிங் குழம்பும். பெட்டியில பழியில்லை.

மாத்து_மன்னன்
தம்பி சொல்லுறது சரி, ஆனால் கராஜில ஆருக்கு அவ்வளவு நேரம்? இன்னொரு பெட்டியைக் கொழுவிப் பார்த்தால் பத்து நிமிசத்தில பிரச்சினை பெட்டியோ வேறயோ எண்டு தெரிஞ்சுபோகும். அதைவிடக் கெட்டியான டெஸ்ட் ஒண்டும் இல்லை.

மல்ரிமீற்றர்
நல்ல பெட்டியைச் சோர்ட் ஆன மோட்டரில கொழுவுறது டெஸ்ட் இல்லை, ரெண்டாவது கொலை. நாலு ஓம் அளவுக்கு ரெண்டு நிமிசம் போகாது. அளந்திட்டுக் கொழுவுங்கோ, நான் மறிக்கேல்லை.

இன்னும் ரெண்டு அளவு. எஞ்சின் ஓடேக்க பெட்டியின்ர ஏர்த் பின்னுக்கும் பற்றரிக் கழிவுக்கும் இடையில 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருக்கவேணும். கூடினால் எஞ்சின் ஏர்த் வயர் பாசி பிடிச்சிருக்கு. யாழ்ப்பாணத்தில பண்ணை, குருநகர், தீவுப் பக்கம் ஓடுற காருகளில கடல் காத்துக்கு இது சர்வசாதாரணம். உங்கட மங்கல் லைற்றுக்கு எனக்கு முதல் சந்தேகம் அதிலதான். அடுத்தது, சென்சர்களுக்குப் போற 5 வோல்ட். அது இல்லாட்டில் உடன பெட்டியைக் கழட்டாதேங்கோ. சென்சர் பிளக்குகளை ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ. ஏதாவது ஒண்டைக் கழட்டினவுடன 5 வோல்ட் திரும்பி வந்தால் அந்தச் சென்சர்தான் கீழ இழுத்தது.

ஈகே3
ஹொண்டாக்காரருக்கு ஒரு வார்த்தை. சிவிக் மத்தியானம் வெயிலில நிண்ட பிறகு சுத்தும், ஸ்ரார்ட் ஆகாது. பின்னேரம் தானாச் சரியாகும். உடன ‘ஈசியூ’ எண்டு சொல்லுவினம். முதல் பெற்றோல் பம்புக்குக் கரண்ட் குடுக்கிற மெயின் ரிலேயைப் பாருங்கோ, டாஷ்போர்ட்டுக்குக் கீழ இருக்கிற சின்னப் பெட்டி. சாவியை ஒன் பண்ணினவுடன பின் சீற்றுப் பக்கத்தில பம்ப் ரெண்டு செக்கன் இரையவேணும். இரையாட்டில் மூடியைக் கழட்டி, பெரிய பின்னுகளின்ர ஈயத்தை லென்ஸில பாருங்கோ. பின்னைச் சுத்தி மயிர் மாதிரி ஒரு வட்டக் கீறு இருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சிப்போட்டுப் புதுசு வையுங்கோ. மேலால சூடுகாட்டி உருக்கினால் மட்டும் காணாது, கீறு திரும்பி வரும்.

மாத்து_மன்னன்
ரிலே எண்டால் நானும் திருத்தச் சொல்லுவன், அது ஒரு பக்கப் போர்ட். ஈசியூ போர்டில ஓட்டைக்குள்ளாலயே கோடு மறுபக்கம் போகுது. கொக்குவிலில டீவி திருத்திற ஆளிட்டைக் குடுத்து, ஓட்டைக்குள்ள இருக்கிற கொப்பர் வளையத்தைக் காலோட இழுத்துக்கொண்டு வந்த பெட்டியளைப் பார்த்தால் நீங்களும் இப்பிடிக் கதைக்கமாட்டியள். சந்தையில கிடக்கிற கண்டென்சரும் எல்லாம் ஒரிஜினல் இல்லை. 105 எண்டு அச்சடிக்கிறது பெரிய வித்தையே?

சோல்டர்_கோல்
கண்டென்சர் விசயத்தில அண்ணையோட நிக்கிறன். கண்டென்சரின்ர உள்தடையை அளக்கிற ஈஎஸ்ஆர் மீற்றர் இல்லாமல் வாங்கவேண்டாம். கை தெரியாத ஆளிட்டைக் குடுக்கவும் வேண்டாம். ஆனால் அதுக்கு மருந்து நல்ல ஆளைப் பிடிக்கிறது, பழைய பெட்டி வாங்குறது இல்லை. பாவிச்ச பெட்டி வாங்கினாலும் கண்டென்சரை மாத்திப்போட்டுத்தான் பூட்டவேணும். அப்ப உங்கட சொந்தப் பெட்டிக்கே அதைச் செய்யலாமே?

இன்னொண்டு. வேலை முடிஞ்ச பிறகு போர்டை மூடப் புளிப்பு வாடை அடிக்கிற குளியலறைச் சிலிக்கன் பூசுறவை இருக்கினம். அது காயேக்க அசெற்றிக் அமிலம் விடும், கொப்பரைத் தின்னும். போர்டுக்கெண்டு விக்கிற லாக்கர் மெல்லிசா ஒருக்கா அடிச்சாக் காணும். பிளக் பின்னுகளில படாமல் மறைச்சிட்டு அடியுங்கோ.

திருநெல்வேலி_121
டொயோட்டா கொரொல்லா 121க்கும் இதே கதைதானோ? மீற்றர் போர்ட்டும் எயார்பாக் பெட்டியும் எப்பிடி?

சோல்டர்_கோல்
சாவிக்குள்ள சிப் இருக்கிற கார் எண்டால் கொழுவி ஓடேலாது. பெட்டியும் சாவியும் ஒண்டையொண்டு அறியவேணும். பழைய போர்டில இருந்து 8 கால் மெமரி சிப்பைக் கழட்டிப் புதுசில வைக்கிறது ஒரு வழி, அதில இருக்கிற டேற்றாவைப் படிச்சு எழுதுறது மற்ற வழி. எப்பிடியோ சோல்டர் வேலைக்குத்தான் வந்து நிக்கிறியள், அண்ணை.

மீற்றர் போர்ட்டை மாத்தினால் கிலோமீற்றரும் மாறும். பிறகு விக்கேக்க வாங்கிறவன் நம்பமாட்டான். உங்கட போர்ட்டையே திருத்துறதுதான் புத்தி.

மல்ரிமீற்றர்
எயார்பாக் மட்டும் ரெண்டு கட்சிக்கும் இல்லை. மஞ்சள் பிளக்கில மல்ரிமீற்றரை வைக்காதேங்கோ. ஓம் அளக்க மீற்றர் அனுப்புற கரண்ட் பையை வெடிக்கவைக்கலாம். பற்றரிக் கழிவைக் கழட்டி 90 செக்கன் விட்ட பிறகுதான் அந்தப் பக்கம் கை வைக்கிறது. பெட்டி பழுது எண்டால் புதுசு.

கொரொல்லாவிலும் பழைய மொடல் எண்டால் ஸ்கானர் தேவையில்லை. எஞ்சின் பக்கத்து டயக்னோசிஸ் பெட்டியில டீஈ1ஐயும் ஈ1ஐயும் ஒரு வயரால தொட்டு, சாவியை ஒன் பண்ணுங்கோ. செக் எஞ்சின் லைற் ஒரே வேகத்தில மினுங்கிக்கொண்டிருந்தால் பழுது இலக்கம் (கோட்) ஒண்டும் பதியேல்லை. சாவி ஒன் பண்ணியும் லைற் வரவே வராட்டில் பல்ப்பையும் ஈஎப்ஐ பியூசையும் பாருங்கோ.

சீகே2_லான்சர்
திருத்தினாலும் மாத்தினாலும், திரும்பப் பூட்டேக்க என்ன கவனிக்கவேணும்?

மல்ரிமீற்றர்
பற்றரிக் கழிவைக் கழட்டிப்போட்டுத்தான் பெட்டிப் பிளக்கைக் கழட்டுறதும் பூட்டுறதும். பின்னுகளில பச்சை இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கோ. உரஞ்சுதாள் போட்டால் மேற்பூச்சுப் போகும். பெட்டியை இறுக்கிற ஸ்குரூவையெல்லாம் திரும்பப் போடுங்கோ, ரெண்டை மேசையில விட்டிட்டுப் பூட்டுறது இங்க பழக்கமாப் போச்சு.

பூட்ட முதல் அது இருந்த இடத்தில கம்பளத்துக்குக் கீழ கையை வையுங்கோ. ஈரமெண்டால் வைப்பருக்குக் கீழ இருக்கிற கிறில்லைத் திறவுங்கோ. வேம்புக்குக் கீழ நிப்பாட்டுற காரில இலையும் பூவும் மக்கித் தண்ணி போற ஓட்டையை அடைச்சிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அங்கயிருந்து உள்ளுக்கு வடியும். ஏசித் தண்ணிக் குழாயையும் ஊதிப்பாருங்கோ.

பூட்டின பிறகு ஆடியோ, ஏசி, லைற் எல்லாம் ஓஃப்பில விட்டு எஞ்சினைச் சூடாக்கி, 10 நிமிசம் ஐட்லிங்கில ஓடவிடுங்கோ. பெட்டி திரும்பப் பழகவேணும். அதுக்குள்ள அடிச்சு ஓடிப்போட்டு ‘இன்னும் சரியில்லை’ எண்டு கராஜுக்குப் போகவேண்டாம்.

மாத்து_மன்னன்
பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஒல்ரனேற்றரையும் சொல்லும் தம்பி. அதை விட்டிட்டீர்.

மல்ரிமீற்றர்
ஓம். ஓடேக்க பற்றரியில 13.8 - 14.5 வோல்ட். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. மல்ரிமீற்றரை ஆடலோட்ட (AC) வோல்ட்டுக்கு மாத்தி அளந்தால் 0.1க்குள்ள வரவேணும். அரை வோல்ட்டுக்கு மேல வந்தால் டயோட் போட்டுது, பெட்டியைப் பூட்ட முதல் ஒல்ரனேற்றரைக் கழட்டுங்கோ. லொறிப் பற்றரியில 24 வோல்ட் எடுத்துக் காரை ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ. வெல்டிங் எண்டால் பெட்டிப் பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான்.

மாத்து_மன்னன்
இவ்வளவும் அளந்த பிறகும் டிரைவர் சிப் எரிஞ்சிருந்தால்?

சோல்டர்_கோல்
சிப்பின்ர மேல் பக்கத்தில கொப்புளமோ குழியோ இருக்கும், போர்ட் கறுத்திருக்கும். அந்தச் சிப் கையில கிடைச்சால் மாத்தலாம். கிடைக்காட்டில், அல்லது போர்ட் கரியாகி உள் அடுக்குவரைக்கும் போயிருந்தால், உங்கட வழிதான் அண்ணை: அதே இலக்கத்தில பாவிச்ச பெட்டி. மோட்டரை மாத்திப்போட்டு, அதின்ர கண்டென்சரையும் மாத்திப்போட்டு.

மாத்து_மன்னன்
அதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு நீளம் போயிருக்காது. லான்சர் தம்பி, நாலு ஓம் அளவையும் இங்க போடும், அதுவரைக்கும் கொழும்புக்குக் காசு அனுப்பவேண்டாம்.