எத்தியோப்பியாவில் குடித்தனம்: இருந்து வந்தவர்கள் பகிருங்கள்

2008 செப்டம்பர் 7ஆம் தேதி, நான்கு வயது மகனோடு பஹிர் தாரில் போய் இறங்கினோம். கணவருக்குக் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை. ஐந்து வருஷம் இருந்தோம். இன்றைக்கும் அங்கே வேலை கிடைத்தவர்கள் என்னிடம் கேட்பது தண்ணீர், கரண்ட், அரிசி இந்த மூன்றைத்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் அந்த ஊர் எனக்குப் பழகியது பக்கத்து வீட்டுப் பெண்களால். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஒரே காம்பவுண்டு. முன்வீட்டில் வீட்டுக்காரம்மா, பின்வீட்டில் நாங்கள். வயதான பெண்களை அங்கே 'எமாமா' என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். போன நான்காம் நாள் காலையில் கேட் பக்கம் பாட்டுச் சத்தம். வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப் பெண்கள், கையில் மஞ்சள் பூ. அன்று அவர்களுக்கு வருஷப்பிறப்பு. பிறந்தது 2001! அவர்கள் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், மிச்சமிருக்கும் ஐந்தாறு நாளுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதம்.

காலண்டர் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கடிகாரம்தான் படுத்தியது. அங்கே பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள், நம் தாத்தா காலத்தில் நாழிகை எண்ணிய மாதிரி. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நம் பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. இது தெரியாத முதல் மாதத்தில் மகனுக்குக் காய்ச்சல். கிளினிக்கில் மறுநாள் எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். காலை எட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளையை மடியில் போட்டு, ஈரத் துணியால் நெற்றியை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மதியம் இரண்டுக்கு வந்தார். அதுதான் அவர்களுடைய எட்டு மணி, அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதன்பிறகு யார் நேரம் சொன்னாலும் 'ஹபெஷா மணியா, ஃபெரெஞ்ஜ் மணியா' என்று கேட்காமல் நகர்வதில்லை. ஹபெஷா என்றால் அவர்கள், ஃபெரெஞ்ஜ் என்றால் வெளிநாட்டார்.

தண்ணீர் எங்கள் தெருவில் வாரத்தில் இரண்டு ராத்திரி வரும். மேலே இருக்கும் தொட்டியை 'ரொத்தோ' என்பார்கள். அது நிரம்புகிற சத்தம் கேட்டு எழுந்து, மஞ்சள் ஜெரிக்கேன்களையும் பிடித்து வைக்க வேண்டும். இன்றைக்குத் தண்ணீர் வருமா என்று எமாமாவிடம் முதல் தடவை கேட்டபோது, திடுக்கிட்டதுபோல் மூச்சை உள்ளே இழுத்தார். என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். அங்கே 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கரண்ட் போனால் 'மெப்ராத் ஹேதெ' என்பார்கள். அதுவும் நம்மைப் போலவே, 'கரண்ட் போச்சு'. 2009ல் அணைகளில் நீர் குறைந்து நாடு முழுக்க முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் கரியடுப்பில்தான் சமையல். ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. அரிசிக்குக் கஷ்டமில்லை. பக்கத்தில் ஃபொகெரா சமவெளியில் நெல் விளைகிறது. சந்தையில் கிடைக்கும் அந்த அரிசி குட்டையாக இருக்கும், சோறு கொஞ்சம் குழையும், வயிற்றை ஒன்றும் செய்யாது.

உளுந்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அடிஸ் அபாபாவுக்குத்தான் போகணும். அப்படி வாங்கி வந்த உளுந்தை ஊறவைத்து ஒரு மழைக்காலத்தில் மாவு அரைத்தேன். இரண்டு நாளாகியும் குளிரில் மாவு அப்படியே கிடந்தது. எமாமா பாத்திரத்தை எட்டிப் பார்த்தார், குனிந்து மோந்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர், அதில் மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர். அவர்கள் ஊர்த் தோசையான இன்ஜெராவுக்கு டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்க வைக்கும்போது மேலே தெளிந்து நிற்கும் நீர் அது. 'எர்ஷோ' என்பார்கள். அடுத்த மாவுக்கு அதுதான் உறை. ஒரு கரண்டி விட்டுக் கலக்கி மூடினார். மறுநாள் காலையில் மாவு விளிம்பு வரை பொங்கி நின்றது. முதல் தோசையை ஊற்றியதும் மேலே ஓட்டை ஓட்டையாக விழுந்ததைப் பார்த்து 'அய்ன், அய்ன்' என்று கையைத் தட்டினார். அய்ன் என்றால் கண். இன்ஜெராவில் விழும் ஓட்டைக்கும் அதே பெயர்தான்.

நாங்கள் சைவம் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பத்தைந்து நாள் நோன்பு. 'உங்களுக்குத் தினமும் நோன்பா?' என்று கேட்டார். ஹோட்டலில் 'சோம்' சாப்பாடு, அதாவது நோன்புச் சாப்பாடு கேட்டால் போதும். கடலைமாவு ஷிரோவும் பருப்பும் கீரையுமாகத் தட்டு நிறைய வரும்.

2010 ஆகஸ்டில் ஊரில் என் அம்மா தவறிவிட்டார். மகனுக்கு அப்போது டைஃபாய்டு, காய்ச்சல் இறங்கவே இல்லை. நான் கிளம்பினாலும் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், அம்மாவை மறுநாளே எடுத்துவிடுவார்கள். போகவில்லை. செய்தி எப்படித் தெருவுக்குப் போனதோ, சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம். எமாமாவும் ஏழெட்டுப் பெண்களும், நெட்டலா என்ற மெல்லிய வெள்ளைப் போர்வைத் துணியின் கரை கழுத்துப் பக்கம் வரும்படி போர்த்திக்கொண்டு. துக்கத்துக்கு அப்படித்தான் போர்த்துவார்களாம். வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நான் வறண்டுபோய் இருந்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எமாமா அம்மாவின் பேரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பேரில் ஒரு 'ழ' உண்டு. அவர்கள் வாயில் அது வரவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக, மெதுவாக, சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆளோ ஆறாவது ஆளோ சொல்லும்போது நான் உடைந்துவிட்டேன். எங்கள் ஊரில் கட்டிக்கொண்டு அழுவார்களே, அதே மாதிரி கட்டிக்கொண்டு அழுதார்கள். 'அய்சோஷ், அய்சோஷ்' என்று முதுகைத் தடவினார்கள். மனசைத் தளரவிடாதே என்று அர்த்தம்.

மூன்று நாளும் வந்தார்கள். கோதுமையும் கொண்டைக்கடலையும் வேகவைத்த நிஃப்ரோ கொண்டுவந்தார்கள். சாவு வீட்டில் சாப்பிடுவது அது. அங்கே தெருவுக்குத் தெரு 'இத்திர்' என்று ஒரு சங்கம் இருக்கும். மாதாமாதம் கொஞ்சம் காசு போட்டு வைப்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பணம், பாத்திரம், பெஞ்சு, சமைக்க ஆள் எல்லாம் அதிலிருந்தே வரும். நாங்கள் அதில் சேரவே இல்லை, அப்படியும் வந்தார்கள். மூன்றாம் நாள் நான் தட்டைத் தள்ளி வைத்தபோது, எமாமா இன்ஜெராவைப் பிய்த்து, பருப்பை அள்ளி, சுருட்டி என் வாயில் வைத்தார். 'குர்ஷா' என்பார்கள் அதை. என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் உருட்டி ஊட்டியிருக்கிறார்.

அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக எமாமா காபிக்குக் கூப்பிட்டால் முதல் கோப்பையோடு எழுந்து வந்துவிடுவேன், வேலை கிடக்கிறது என்று. பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, அந்தப் புகையை எல்லோருக்கும் காட்டி, இடித்து, ஜெபனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பெரெக்கா என்றால் ஆசி. அதைக் குடிக்காமல் எழுந்து வருவது எவ்வளவு மனம் நோகச் செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எமாமாவும் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு நாளும் நடுவில் எழுந்ததில்லை.

* * *

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் தெற்கே அர்பா மிஞ்சில் மூன்று வருஷம் இருந்தோம். நாற்பது ஊற்று என்று ஊருக்குப் பெயர். அங்கே தண்ணீரைவிட மலேரியாவுக்குத்தான் பயம். கொசுவலைக்குள்ளேதான் தூக்கம். மனைவிக்கு இரண்டு தடவை வந்தது.

எங்களை அந்த ஊரோடு சேர்த்தது பையன்தான். ஆட்டோவுக்கு அங்கே 'பஜாஜ்' என்றே பெயர். தினமும் பள்ளிக்கூடம் கூட்டிப்போன பஜாஜ்காரத் தம்பி வழியில் தெரியும் போர்டுகளைக் காட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அம்ஹாரிக் மொழியின் எழுத்து நம் உயிர்மெய் மாதிரிதான். ஒரு மெய்க்கு ஏழு உருவம். சின்னக் கால், கொம்பு மாற மாற உயிர் மாறும். வீட்டில் க, கா, கி எழுதின பையனுக்கு அது ஒரு மாதத்தில் வந்துவிட்டது. வினைச்சொல்லும் நம்மைப் போலக் கடைசியில்தான் வரும். அவன் சந்தையில் முன்னால் நின்று பேசுவான், நாங்கள் பின்னால் பையோடு நிற்போம். தக்காளிக்காரம்மா எங்களுக்குச் சொல்லும் விலை வேறு, அவனுக்குச் சொல்லும் விலை வேறு!

சீட்டுக் கட்டும் பழக்கமும் அங்கே உண்டு. 'இக்குப்' என்பார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மனைவிக்கு இரண்டாம் முறை மலேரியா வந்தபோது குலுக்கலில் முறை விழுந்தவர், தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் கேட்கவில்லை.

* * *

நான் உங்களுக்கெல்லாம் மூத்தவள். அப்பா 1966ல் திருநெல்வேலியிலிருந்து டிரே டாவாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனார். அந்தக் காலத்தில் இந்திய வாத்தியார் இல்லாத பெரிய பள்ளிக்கூடம் அங்கே அபூர்வம். 1974 செப்டம்பரில் அரசரை இறக்கினார்கள். பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கிராமங்களுக்குச் சேவைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா காலி வகுப்பறைக்குப் போய்வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 1976ல் திரும்பிவிட்டோம். அம்மா கடைசி வரை மீன்குழம்பில் ஒரு சிட்டிகை பெர்பெரே மசாலா போடுவார், யாராவது கொண்டுவந்து கொடுத்தால்.

அய்சோஷ் என்று எழுதியிருக்கிறீர்கள். 2015ல் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் தனியாக அழுதுகொண்டிருந்தாள். நெட்டலாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வைத்தியத்துக்குக் கணவரைக் கூட்டி வந்திருக்கிறாள். நாற்பது வருஷமாக நான் பேசாத பாஷை. பக்கத்தில் போய் 'அய்சோஷ்' என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்தவள் ராத்திரி வரைக்கும் விடவில்லை.

* * *

வணக்கம் அக்கா. கணவருக்கு ஹவாஸாவில் வேலை. அடுத்த மாதம் கிளம்புகிறோம். பொண்ணுக்கு மூன்று வயது. படித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. என்ன எடுத்துப் போகணும், சொல்லுங்களேன்.

* * *

நல்லபடியாகப் போய்ட்டு வாம்மா. குக்கருக்கு மூன்று கேஸ்கட்டும் இரண்டு வால்வும் கட்டாயம் எடுத்துக்கோ. உளுந்து, புளி, பெருங்காயம் ஆறு மாதத்துக்கு. மிளகாய்த்தூள் வேண்டாம். பெர்பெரேயைப் பழகிக்கோ. குழந்தைக்கு ஸ்வெட்டர், ரெயின்கோட், ஊசி போட்ட அட்டை. தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைத்தே கொடு. காபிக்குக் கூப்பிட்டால் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போ, வெறுங்கையோடு போகாதே.

பஹிர் தார் பக்கம் இப்போது போகும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் அம்ஹாரா பகுதியில் சண்டை மூண்டு இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். எமாமாவின் மகள் நம்பருக்குத் தினமும் முயற்சி செய்தேன். பல வாரம் கழித்து ஒரு ராத்திரி லைன் கிடைத்தது. எமாமாவே எடுத்தார். குண்டுச் சத்தத்தைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. மகன் எவ்வளவு உயரம் வந்துவிட்டான் என்றுதான் கேட்டார். என்னைவிட உயரம் என்றேன். அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.

ஹவாஸா போய்ச் சேர்ந்ததும் எழுதும்மா. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் எழுது.