ஃபீனிக்ஸ் பக்கம் திறந்தவெளியில் பிஸ்டல் பயிற்சி: 100 தோட்டாவை எப்படிச் செலவழிப்பது?

மணல்காடு (கேள்வி):
அரிசோனாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு. 9 எம்எம் பிஸ்டல், இடுப்புக்குள் செருகும் ஹோல்ஸ்டர். நான் போகும் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடம்) ஹோல்ஸ்டரிலிருந்து உருவிச் சுட விடுவதில்லை, அடுத்தடுத்து வேகமாகச் சுடவும் கூடாது. அதனால் டோன்டோ தேசிய வனப் பகுதிக்குப் போகலாம் என்று யோசனை. ஒரு தடவைக்கு 100 தோட்டா. தற்காப்புக்கு உருப்படியான பயிற்சி எது? இன்னொன்று, 7 யார்டில் குண்டெல்லாம் கீழே இடப்பக்கம்தான் விழுகிறது. வலக்கைக்காரன். சைட்டை (பிஸ்டல் மேலுள்ள குறிபார்க்கும் முனை) நகர்த்தணுமா?

குறிமுள்:
சைட்டைத் தொடாதீங்க. கூட வருகிறவரிடம் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கொடுத்து, நடுவில் இரண்டு மூன்று டம்மி தோட்டாவைக் கலந்து நிரப்பச் சொல்லுங்க. டம்மி வரும் இடத்தில் வெடிக்காது, ஆனால் பிஸ்டலின் மூக்கு சட்டென்று கீழே குத்தும். பின்னுதைப்பு வருவதற்கு முன்பே கை அதை அமுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். வெடிக்கும்போது அந்த அதிர்விலேயே இது மறைந்துவிடுவதால் கண்ணில் படாது. முன் சைட் அசையாமல் ட்ரிகர் விழும்வரை வீட்டில் வெறும் பிஸ்டலில் பழகுங்க. தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கணும்.

100-ல் முதல் 50 'டாட் டார்ச்சர்' என்ற பயிற்சிக்கு. 2 அங்குல வட்டம் பத்து, 3 யார்டு தூரம், நேரக் கணக்கு கிடையாது. உருவுதல், ஒற்றைக் கை, இடக்கை, மேகசின் மாற்றுதல் எல்லாம் அதிலேயே வந்துவிடும். 50-ம் உள்ளே விழாமல் தூரத்தைக் கூட்டாதீங்க. அடுத்து 5 யார்டில் 5 அங்குல வட்டம், 5 குண்டு, 5 வினாடி; நாலு சுற்று. பிறகு 'பில் டிரில்' மூன்று சுற்று: 7 யார்டு, உருவி 6 குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் முன் சைட் திரும்பி வருவது தெரியணும். தெரியவில்லை என்றால் கண்ணை விட விரல் முந்துகிறது. மீதி 12, டம்மி கலந்து, வெடிக்காமல் நின்றால் சிக்கல் நீக்கப் பழக: மேகசின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதி) முழுக்க இழுத்து விடு, திரும்பக் குறி பார். கை சோர்வதற்குள் மெதுவான பயிற்சியை முடித்துவிடணும், அதனால்தான் இந்த வரிசை.

பாலைவழி:
இடம் பற்றி. தேசிய வனத்தில் வீடு, முகாம், மக்கள் இருக்கும் இடம் எதற்கும் 150 யார்டுக்குள் சுடக் கூடாது. சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்காகவும் கூடாது. இலக்குக்குப் பின்னால் உயரமான மண்சரிவு இருக்கணும். பாறையில் பட்டால் குண்டு திசை மாறிப் பறக்கும். மேட்டு விளிம்பில் இலக்கை வைத்தால் பின்னால் இருப்பது வெறும் வானம், தவறும் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி பாட்டில் வேண்டாம், சகுவாரோ கள்ளியைச் சுடுவது குற்றம். கோடையில் தீத் தடை அமலில் இருக்கிறதா என்று கிளம்பும் அன்றே பாருங்க.

நம்ம ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: ஹெச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருக்கும் நண்பர் கையில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கொடுக்காதீங்க. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அது ஃபெடரல் குற்றம். கொடுத்தவரும் மாட்டுவார்.

குறிமுள்:
ஒன்று விட்டுப்போச்சு. உருவுவதில் அவசரப்படலாம், திரும்பச் செருகுவதில் ஒருபோதும் கூடாது. விரல் ஸ்லைடின் பக்கவாட்டில் நேராக இருக்கட்டும், சட்டையை மறு கையால் முழுக்கத் தூக்குங்க, கண்ணால் பார்த்துச் செருகுங்க. சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ ட்ரிகர் வளையத்துக்குள் சிக்கினால் அழுத்தும்போதே வெடித்துத் தொடையில் பாயும். தடுத்தால் மேலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்க.

பாலைவழி:
இலக்காக இரும்புத் தகடு வைப்பதாக இருந்தால் ஏஆர்500 எனும் கடினமாக்கிய எஃகு மட்டும். 10 யார்டுக்குக் குறையாமல், முகம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்தபடி. குழி விழுந்த தகட்டைத் தூக்கிப் போடுங்க, அது சிதறலை உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு இரண்டும் பார்க்க வருகிறவருக்கும் வேண்டும். காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கிய கையைச் சோப்பும் குளிர்ந்த நீரும் விட்டுக் கழுவின பிறகே சாப்பாட்டைத் தொடுங்க, ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.