சிங்க்வே தெர்ரேயில் எங்கே சாப்பிடுவது? கடல் தெரியும் மேசை எல்லாம் ஏமாற்றா?

மீன்கொத்தி:
போன வாரம் இங்கே ஒருவர் இத்தாலிப் பயணக் குறிப்பு போட்டிருந்தார். சிங்க்வே தெர்ரே என்ற கடலோரப் பகுதியின் ஐந்து ஊரிலும் (மொந்தெரோசோ, வெர்னாட்சா, கோர்னில்யா, மனரோலா, ரியோமஜோரே) கடல் தெரியும் எந்த உணவகத்திலும் உட்காராதீர்கள், மெனுவில் நட்சத்திரக் குறி போட்டிருப்பான், அது ஃப்ரீஸரில் கிடந்த மீன், பேசாமல் ரயிலேறிப் பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடுங்கள் என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவ்வளவு தூரம் போய் மனரோலாவில் இறங்கி, கடலைப் பார்த்தபடி ஒரு தட்டு நெத்திலி சாப்பிடுவதை ஒரு நட்சத்திரத்துக்காக விட்டுவிட வேண்டுமாம்.

குறி போட்டிருக்கிறான் என்றால் உண்மையைச் சொல்கிறான் என்று அர்த்தம். உறையவைத்த பொருளை அப்படிச் சொல்லாமல் மெனுவில் வைத்தால் இத்தாலியில் அது வணிக மோசடி, குற்றவியல் சட்டம் 515வது பிரிவு. குறியே இல்லாத கடையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

ஊர்சுற்றி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், எனக்கு ஒன்றும் இல்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பொரித்த கணவாய்க்கு நட்சத்திரம், இறாலுக்கு நட்சத்திரம், ஆக்டோபஸுக்கு நட்சத்திரம். கண்ணுக்கு முன்னால் கடல், தட்டில் ஃப்ரீஸர். இதை யோக்கியம் என்று பாராட்டி நான் காசு கொடுக்க வேண்டுமா? 515வது பிரிவைப் படித்துக்கொண்டே சாப்பிட்டால் மீன் ருசிக்குமா?

அரைடிக்கெட்:
ஆரம்பிச்சாச்சா. சுவிஸ் பயணத்துக்கு குக்கர் தூக்கிப் போகலாமா என்ற இழைக்கு அப்புறம் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்று நினைத்தேன்.

மீன்கொத்தி:
அந்தக் குக்கர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஜெனோவாவாசி:
பக்கத்திலேயே குடியிருப்பவன் என்பதால் சொல்கிறேன். இந்த ஐந்து ஊரும் இருக்கிற லிகுரியக் கடற்கரை படம் எடுக்கத்தான் அழகு, மீனுக்கு அவ்வளவு தாராளம் இல்லை. மலை நேராகக் கடலில் இறங்குகிறது, கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்பரப்பு மிகக் குறுகல். கோடையில் தினமும் வந்து இறங்கும் கூட்டத்துக்கெல்லாம் அந்த ஐந்து ஊரின் படகுகள் எங்கிருந்து மீன் கொண்டுவரும்? அதனால் இறாலும் கணவாயும் வெளியிலிருந்துதான் வரும், பெரும்பாலும் உறைந்துதான் வரும். இது ரகசியமே இல்லை.

உள்ளூர்ச் சரக்கு வேண்டுமென்றால் நெத்திலி கேளுங்கள். மொந்தெரோசோ நெத்திலி பேர்போனது. கோடையில் இரவு விளக்கு கட்டிப் பிடிப்பார்கள், உப்பில் அடுக்கியும் வைப்பார்கள். அடுத்தது சிப்பி. லா ஸ்பெசியா வளைகுடாவிலேயே வளர்க்கிறார்கள். உள்ளே முட்டை, ரொட்டித்தூள், பாலாடைக்கட்டி எல்லாம் அடைத்து, நூல் கட்டித் தக்காளிச் சாற்றில் வேகவைப்பார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு இறால் கேட்டால் நட்சத்திரம்தான் வரும்.

இன்னொன்று. எலுமிச்சையில் ஊறவைத்த பச்சை நெத்திலி இருக்கிறதே, இந்தக் கரையின் அடையாளமே அதுதான், அதைக்கூட முதலில் உறையவைத்தாக வேண்டும். மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற புழுவைக் கொல்ல, மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றிய விதி. ஊர்சுற்றி, இப்போது என்ன செய்வீர்கள்?

ஊர்சுற்றி:
ஆக, உறைந்ததுதான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. பக்கத்து ஊர்க்காரரே சொல்லிவிட்டார்.

மீன்கொத்தி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? நட்சத்திரம் போடாத எலுமிச்சை நெத்திலியை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்களே?

ஜெனோவாவாசி:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர். உறையவைப்பது குற்றம் இல்லை என்று சொன்னேன். ஆக்டோபஸை உறையவைத்தால் தசை தளர்ந்து இன்னும் மிருதுவாகும், நல்ல சமையல்காரர்களே வேண்டுமென்று செய்வார்கள்.

ஊர்சுற்றி:
குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? நட்சத்திரம் என்றுதான் சொன்னேன்.

சமையல்கட்டு:
ஒரு நிமிடம். நீங்கள் எல்லோரும் பிரெஷ் பிரெஷ் என்கிறீர்களே, அது என்ன? அன்றைக்குப் பிடித்ததா, உறையாததா, அந்த ஊர்க் கடலில் பிடித்ததா? மூன்றும் வேறு வேறு. பனிக்கட்டியில் ஐந்து நாள் கிடந்த உறையாத மீனைவிட, படகிலேயே உறையவைத்த மீன் எவ்வளவோ மேல். அதை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் நட்சத்திரத்துக்கு வரலாமே.

ஊர்சுற்றி:
தத்துவ வகுப்பு வேறு இழையில் நடத்துங்கள் அம்மா. பிரெஷ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மீன்கொத்தி:
பிரெஷ் என்றால் என்ன என்பது பிரச்சினையே இல்லை. நட்சத்திரம் போட்டவன் ஏமாற்றுக்காரனா என்பதுதான் பிரச்சினை. அதுவும் பல மெனுவில் "இருப்பைப் பொறுத்து உறைந்ததாக இருக்கலாம்" என்றுதான் அடியில் எழுதியிருக்கும். "இருக்கலாம்"! அன்றைக்கு அது உறையாததாகவும் இருக்கலாம்.

ஊர்சுற்றி:
ஆகா. "இருக்கலாம்"! உங்கள் சட்டப் பிரிவு எங்கே போனது? எல்லாவற்றுக்கும் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் "இருக்கலாம்" என்று எழுதிவிட்டால் யோக்கியன் ஆகிவிடுவானா? கேட்டால் சொல்வானா? நான் கேட்டேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பரிமாறுகிற பையன் தோளைக் குலுக்கினான். இவ்வளவுதான் உங்கள் 515.

சைவப்பூனை:
எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்கு இந்த இழையில் ஏதாவது உண்டா? துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோவின் சொந்த ஊர் அந்தப் பக்கம்தானே. ட்ரோஃபியே பாஸ்தாவில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டுத் தருவார்களாம். அது ஒன்றே போதும் எனக்கு.

சமையல்கட்டு:
பெஸ்டோவில் பர்மிஜானோ ரெஜ்ஜானோ சேரும். அந்தப் பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று அதன் விதியே சொல்கிறது. அதில் சேரும் இன்னொரு பாலாடைக்கட்டியான பெக்கோரினோவும் பெரும்பாலும் அப்படித்தான், கன்றோ ஆட்டுக்குட்டியோ. கண்டிப்பான சைவம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

சைவப்பூனை:
என்ன அநியாயம். எங்கள் குழுவில் வந்த பாதிப் பேர் பெஸ்டோ சாப்பிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். அவர்களிடம் இதைச் சொல்லவா வேண்டாமா?

அரைடிக்கெட்:
சொல்லுங்கள். நட்சத்திரம் போட்டுச் சொல்லுங்கள்.

ஜெனோவாவாசி:
சைவப்பூனை, கவலை வேண்டாம். ஃபரினாத்தா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறு எதுவும் இல்லை. பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வைப்பார்கள், நம் கடலைமாவு அடை கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கும். லா ஸ்பெசியாவில் மெஷ்சூவா என்று ஒரு கஞ்சி உண்டு: கொண்டைக்கடலை, பீன்ஸ், கோதுமை, மேலே எண்ணெயும் மிளகும். பழைய துறைமுகத் தொழிலாளிகள் சாப்பாடு. வெறும் ஃபொக்காச்சா ரொட்டியும் ஆலிவ் எண்ணெயில்தான் செய்கிறார்கள். ரெக்கோ ஊர் ஃபொக்காச்சாவில் மட்டும் நடுவே பாலாடைக்கட்டி இருக்கும்.

ஊர்சுற்றி:
பார்த்தீர்களா, லா ஸ்பெசியா! மெஷ்சூவாவுக்கும் லா ஸ்பெசியா, சிப்பிக்கும் லா ஸ்பெசியா. நான் முதல் நாளே எழுதினேன், லா ஸ்பெசியாவுக்குத் திரும்பிப் போங்கள் என்று. இப்போது எல்லோரும் சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்கிறீர்கள். ரயிலில் ரியோமஜோரேயிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது.

மீன்கொத்தி:
லா ஸ்பெசியா கடற்படைத் துறைமுகம். ராணுவத் தளவாடம் பார்த்துக்கொண்டே கஞ்சி குடிக்கத்தான் இத்தாலி போவேனா? அங்கேயும் மெனுவில் நட்சத்திரம் உண்டு, அதை ஏன் உங்கள் குறிப்பில் எழுதவில்லை?

ஊர்சுற்றி:
அங்கே குறைவு.

மீன்கொத்தி:
எண்ணினீர்களா?

ஊர்சுற்றி:
எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

சமையல்கட்டு:
நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது? முதல்தடவை போகிறவர்களை அடிக்கிற இடம் வேறு. முழு மீன் விலை 100 கிராமுக்குப் போட்டிருக்கும், எத்தோ என்று எழுதியிருக்கும். மெனுவில் 7 யூரோ என்று பார்த்துவிட்டு மீன் சொல்வீர்கள், 900 கிராம் மீன் வந்து நிற்கும், பில் 63. எடை போடச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேட்ட பிறகுதான் "சரி" சொல்ல வேண்டும். அப்புறம் கொபேர்தோ. உட்கார்ந்ததற்கே ஆளுக்கு 2, 3 யூரோ.

சைவப்பூனை:
அது டிப்ஸ்தானே?

சமையல்கட்டு:
இல்லை. ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. கொபேர்தோ மெனுவில் போட்டிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மீன்கொத்தி:
அதைக் கொள்ளை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தாலும் எரிச்சல். மெனுவில் போட்டிருக்கிறான், படிக்காதது யார் தப்பு?

ஊர்சுற்றி:
உங்களுக்கு மெனுவில் எது போட்டிருந்தாலும் சரிதான் போல. கொபேர்தோ போட்டால் சரி, நட்சத்திரம் போட்டால் சரி. நாளைக்குக் கடலைப் பார்த்ததற்கு ஒரு யூரோ என்று போட்டாலும் கொடுத்துவிட்டு வந்து இங்கே பிரிவு எண் எழுதுவீர்கள்.

ஜெனோவாவாசி:
இந்தக் கிண்டலில் எனக்கு வருத்தம் உண்டு. 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் மொந்தெரோசோவும் வெர்னாட்சாவும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்சாவின் பிரதானத் தெருவில் கடைகளின் தரைத்தளமே மூடிவிட்டது. அந்தக் கடைக்காரர்கள்தான் தோண்டி எடுத்து மறுபடி அடுப்பு மூட்டினார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும், மீதி மாதங்களில் சம்பாதித்தாக வேண்டும். ஒரு நட்சத்திரத்தை வைத்து ஐந்து ஊரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதுவது நியாயமா?

ஊர்சுற்றி:
வெள்ளத்துக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா? அவர்கள் கஷ்டப்பட்டார்கள் என்பதால் என் கணவாய் உருகிவிடுமா?

நான் திரும்பவும் சொல்கிறேன், வேறு யாரும் பதில் சொல்லாததால். (1) மெனுவில் நட்சத்திரம் இருந்தது. (2) நட்சத்திரம் என்றால் உறைந்தது. (3) உறைந்தது என்றால் அந்தக் கடலின் மீன் இல்லை. இதில் எது தப்பு என்று ஒருவர் சொல்லட்டும்.

சமையல்கட்டு:
இரண்டிலிருந்து மூன்று வராது. எலுமிச்சை நெத்திலி அந்தக் கடலில் பிடித்தது, உறையவும் வைத்தது.

ஊர்சுற்றி:
ஒரு விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

சமையல்கட்டு:
ஐந்து நாளாக ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நான் இல்லை.

புதுமுகம்:
எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். மதியம் மூன்றரை வாக்கில்தான் மனரோலா சேர்வோம். அந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்குமா? நட்சத்திரம் இருந்தாலும் பரவாயில்லை.

ஊர்சுற்றி:
"பரவாயில்லை" என்பவர்களால்தான் அவர்கள் திருந்துவதில்லை.

ஜெனோவாவாசி:
புதுமுகம், உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழு மணிக்குத்தான். மூன்றரைக்கு ஃபொக்காச்சா கடை, அல்லது காகிதக் கூம்பில் பொரித்த நெத்திலியும் கணவாயும் தரும் கடை. வாங்கிக்கொண்டு துறைமுகப் பாறை பக்கம் போய் உட்காருங்கள், கொபேர்தோவும் கிடையாது. மொந்தெரோசோவில்தான் பெரிய மணல் கடற்கரை, பிள்ளைகளுக்கு அது வசதி. கோர்னில்யாவை மட்டும் யோசியுங்கள். அது மலைமேல் இருக்கிறது, படகு நிற்காது, ரயில் நிலையத்திலிருந்து 382 படி.

மீன்கொத்தி:
377 படி.

ஜெனோவாவாசி:
382. நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன்.

மீன்கொத்தி:
ஏறுவது வேறு, எண்ணுவது வேறு. நான் வைத்திருக்கும் வழிகாட்டியில் 377 என்றுதான் இருக்கிறது.

அரைடிக்கெட்:
மேலே போக மினி பஸ் இருக்கிறது என்று யாராவது அந்தப் புது ஆளுக்குச் சொல்லுங்களேன்.

ஊர்சுற்றி:
படியை எண்ண ஆள் இருக்கிறது, நட்சத்திரத்தை எண்ணச் சொன்னால்தான் ஒருவருக்கும் நேரம் இல்லை. என் மூன்று கேள்வி அப்படியே நிற்கிறது.

மீன்கொத்தி:
377.